அட்டன்லருந்து இந்தியா போக எந்த எயார்போர்ட்? கட்டுநாயக்காவா, பலாலியா, மத்தளயா?

பலாலிலருந்து திருச்சிக்கு பிளைட் விட்டதிலருந்து நம்ம பக்கம் எந்த கல்யாண வீட்டுக்கு போனாலும் யாராவது ஒருத்தர் இந்த பேச்ச எடுத்துர்றாங்க, "கட்டுநாயக்காவுக்கு ஏன் போறீங்க, யாழ்ப்பாணத்துலருந்து போனா டிக்கட் மலிவு"ன்னு. மலிவா கிடைக்கிற நாளும் இருக்கு, அத நான் இல்லன்னு சொல்ல வரல. ஆனா அட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் இருக்கிறவங்களுக்கு டிக்கட் விலைங்கிறது பாதிக் கணக்குத்தான், நம்ம வீட்டு வாசல்லருந்து அங்க சொந்தக்காரங்க வீட்டு வாசல் வரைக்கும் ஆகிற செலவையும் நேரத்தையும் சேர்த்து போட்டு பார்த்தா முக்கால்வாசி பேருக்கு கொழும்பு பக்கத்து கட்டுநாயக்காவுலருந்து திருச்சிக்கு போறதுதான் சரி வரும்ங்கிறது என்னோட கணக்கு. பலாலி யாருக்கு சரி, சென்னையில இறங்குறது எப்ப லாபம், தெக்க அம்பாந்தோட்டை பக்கத்து மத்தளய ஏன் மறந்துரலாம்னு பார்ப்போம்.

மொதல்ல நாம எங்க போறோம்? கொழும்புக்காரங்களுக்கு இந்தியான்னா சென்னை, தி.நகர், அவ்வளவுதான். நம்ம கதை வேற. 1964 அக்டோபர்ல சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்துல நம்ம இந்திய வம்சாவளி சனத்துல 525,000 பேர அங்க அனுப்புறது, 300,000 பேருக்கு இங்க குடியுரிமை குடுக்கிறதுன்னு எழுதுனாங்க, அதுல விடுபட்ட ஒன்றரை லட்சம் பேர 1974ல ரெண்டு நாடும் பாதி பாதியா பிரிச்சிக்கிட்டாங்க. அப்படி தலைமன்னார்ல கப்பல் ஏறிப் போனவங்கள்ல ஒரு பங்கு நீலகிரியில தமிழ்நாட்டு அரசாங்கத்து டேன்டீ தேயிலைத் தோட்டத்துல, கோத்தகிரி கூடலூர் பக்கம் இருக்காங்க, மத்தவங்க திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம்னு செதறிக் கெடக்காங்க. அதனால நம்ம ஆளுங்க ஒரு சாவு, ஒரு கல்யாணம்னு போனா சென்னை வழியில வர்ற ஊர்தானே ஒழிய போய் சேர்ற ஊர் இல்ல. இந்த ஒரு விஷயத்த வச்சே பாதி முடிவு வந்துரும்.

இப்ப பலாலி. 1947 டிசம்பர்ல எயார் சிலோன் மொத மொதல்ல பிளேன் விட்டதே இரத்மலானைலருந்து காங்கேசன்துறையில இறங்கி மெட்ராஸ் போற ரூட்லதான், ஆக பழைய பாதைதான் இது, யுத்தத்துல நின்னுபோனது. 2019 அக்டோபர் 17 யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்னு திறந்தாங்க, இந்தியாவோட அலையன்ஸ் எயார் சென்னைலருந்து வந்துச்சு, கொஞ்ச மாசத்துலயே கொரோனா வந்து மூடி, 2022 டிசம்பர்லதான் திரும்ப ஆரம்பிச்சாங்க. பெறகு 2024 செப்டம்பர் 1 இண்டிகோ சென்னை ரூட்ல எறங்குச்சு, 2025 மார்ச் 30 திருச்சிக்கும் விட்டுச்சு. நம்ம ஆளுங்க காதுல விழுந்தது இந்த கடைசி செய்திதான்.

அங்க வர்ற பிளேன் எதுன்னு பார்த்தாலே டிக்கட் விலை எப்படி போகும்னு தெரிஞ்சிரும். பலாலி ஓடுபாதை சுமார் 1,400 மீற்றர். கட்டுநாயக்காவுல எறங்குற ஏ320 மாதிரி ஜெட் பிளேன் ஆள், பெட்டி எல்லாம் ஏத்திக்கிட்டு அதுல எறங்கி ஏற முடியாது, அதனால ரெண்டு பக்கமும் காத்தாடி சுத்துற ஏடிஆர் 72தான் வருது. அலையன்ஸ் எயார்ல 70 சீட், இண்டிகோவுல 78 சீட், ஒரு ஏ320ல 180 கிட்ட ஏத்தலாம். பட்ஜெட் எயார்லைன்னு சொல்றாங்களே, அவங்க தொழிலே ஒரு தடவ பறக்கிற செலவ எத்தன தலைக்கு பிரிக்கலாம்ங்கிறதுலதான் இருக்கு, ஒரே ரக பிளேன், எறங்குன உடனே ஆள ஏத்திக்கிட்டு திரும்பி பறக்கிறது, சாப்பாடு பெட்டி சீட் எல்லாத்துக்கும் தனித்தனியா காசு, இப்படி. ஏடிஆருக்கு எண்ணெய் கொறவா போகும், கிட்ட ஊருக்கு அது நல்ல பிளேன்தான், ஆனா 70 சீட்டுல அடிமட்ட விலை சீட் எத்தன போடுவாங்க? ரூட் புதுசா ஆரம்பிக்கிறப்போ ஆள இழுக்க விலைய கொறைக்கிறது எல்லா எயார்லைனும் செய்றதுதான், அந்த நேரத்துல போய்ட்டு வந்த ஒருத்தர் சொன்ன விலைய வச்சிக்கிட்டு தைப்பொங்கலுக்கு நாலு டிக்கட் போடலாம்னு ஒக்காந்தா அந்த விலை இருக்காது.

அத விட பெரிய விஷயம் ரோட்டு தூரம். கண்டிலருந்து யாழ்ப்பாணம் ஏ9 ரோட்டுல 321 கிலோமீற்றர். அட்டன்காரங்க மொதல்ல நாவலப்பிட்டி, கம்பளைனு கண்டிக்கு எறங்கணும், பெறகு மாத்தளை, தம்புள்ளை, வவுனியான்னு போய், யாழ்ப்பாணம் டவுன்லருந்து பலாலிக்கு இன்னொரு வண்டி. பத்து மணித்தியாலத்துக்கு கொறையாது, வயசானவங்க இருந்தா நடுவுல நிப்பாட்டி நிப்பாட்டி பன்னிரண்டு ஆகும். அவ்வளவு தூரம் போயும் அன்னைக்கு ஏதோ காரணத்துல பிளைட் ரத்துன்னா அடுத்தது நாளைக்குத்தான், அதுவும் நிச்சயம் இல்ல. ரூம் போடணும், இல்லன்னா திரும்பி 400 கிலோமீற்றர் வரணும். அக்டோபர்லருந்து ஜனவரி வரைக்கும் வடக்குல வடகீழ் பருவ மழை வேற. 2025 டிசம்பர் ஆரம்பத்துல இந்தியாவுல பைலட் ஓய்வு நேர விதி மாறி இண்டிகோவோட பிளைட் ஆயிரக்கணக்குல ரத்தானத டிவில பார்த்திருப்பீங்க, அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்த நெலம. பலாலி திருச்சி ரூட் மாதிரி ஒரே கம்பெனி, ஒரே பிளைட்டுங்கிற எடத்துல அப்படி ஒன்னு நடந்தா மாத்தி ஏற வேற வழியே இல்ல.

ஆனா பலாலிய சுத்தமா தள்ளியும் வைக்க முடியாது. 1977 கலவரத்துக்கு பெறகு மலைய விட்டு வவுனியா, கிளிநொச்சி பக்கம் போய் குடியேறின நம்ம சனம் நெறைய, அவங்க எல்லாம் இத்தன வருஷமா பிளேன் ஏற வவுனியாவ தாண்டி கட்டுநாயக்காவுக்கு தெக்க எறங்கிக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்கு பலாலி பெரிய நிம்மதி. மலைலருந்து போறவங்களுக்கும் கிளிநொச்சியில அண்ணன் வீடு, தங்கச்சி வீடு இருந்து, ரெண்டு நாள் அங்க தங்கிட்டு அப்படியே திருச்சிக்கு ஏறலாம்னு பிளான் பண்றவங்களுக்கு இது அருமையான வழி, ரோட்டு செலவு எப்படியும் ஆகப்போறதுதானே. மாத்தளை, உக்குவளை பக்கம் இருக்கிறவங்களும் ரெண்டையும் ஒப்பிட்டு பார்க்கலாம், அங்கருந்து ஏ9 வாசல்லயே இருக்கு. நுவரெலியாக்காரங்க பார்க்கவே வேணாம்.

கட்டுநாயக்காவுக்கு வருவோம். அட்டன்லருந்து கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியா நாலு அஞ்சு மணித்தியாலம். தனி ஆளுன்னா பஸ்ல கொழும்புக்கு போய் கோட்டையில 187 ஏறுனா ஹைவேல நேர கொண்டு போய் விடும். குடும்பமா போனா வேன் ஹயர்தான், நம்ம ஊர்ல ராத்திரி பத்து பதினொன்னுக்கு கெளம்புவாங்க, கினிகத்தேனை வளைவுல பனி மூடி டிரைவர் ஹசாட் லைட்ட போட்டுக்கிட்டு உருட்டுவாரு, பின் சீட்ல ரெண்டு பிள்ளைங்க வரிசையா வாந்தி எடுக்கும், கித்துல்கலயில டீ குடிக்க நிப்பாட்டுனா ஆளாளுக்கு முகம் கழுவுவாங்க. வேன்ல எட்டுப்பேர் ஏறுனா ஆளுக்கு வர்ற பங்கு கொஞ்சந்தான், வழியனுப்ப வர்றோம்னு நாலு பேர் ஏறி வருவாங்களே அவங்களையும் பங்குக்கு சேர்த்துக்குங்க, சேர மாட்டாங்க, ஆனா கேட்டு பாருங்க.

திருச்சி ரூட்ல நாளைக்கு ஒன்னுக்கு மேல பிளைட் இருக்கிறதுக்கு காரணம் நாம இல்ல. திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை பக்கத்து ஆளுங்க ஸ்ரீலங்கன்ல கொழும்புக்கு வந்து அங்கருந்து கல்ஃப், மலேசியா, சிங்கப்பூர்னு மாறிப் போறாங்க, அந்த கூட்டம்தான் பிளேன நெரப்புது. நாம அதுல ஒட்டிக்கிட்டு போறோம். ஆனா அதுதான் நமக்கு நல்லது, ஏன்னா நம்ம தயவுல ஓடுற ரூட்டா இருந்தா ஆள் கொறஞ்ச அன்னைக்கே மூடிட்டு போய்ருவாங்க. ஒரு மணித்தியாலம் கிட்டத்தான் பறக்கிற நேரம். காலைல தவறுனா சாயங்காலம் கேட்டு பார்க்கலாம், திருச்சி கெடைக்கலன்னா மதுரை, அதுவும் இல்லன்னா சென்னை. அவசரத்துக்கு போறவங்களுக்கு, சாவு வீட்டுக்கு போறவங்களுக்கு முக்கியமா, இந்த மாத்து வழிதான் காசு.

போட்டி வந்தா விலை கொறையும்ங்கிறதையும் இந்த ரூட்லயே பார்த்தாச்சு. முன்னாடி அரசாங்கமே நடத்துன மிஹின் லங்கா 2007ல ஆரம்பிச்சு மலிவு டிக்கட் குடுத்துச்சு, நட்டத்துல ஓடி 2016 அக்டோபரோட ஸ்ரீலங்கன்கூட சேர்த்துட்டாங்க. மதுரைக்கு 2012ல ஸ்பைஸ்ஜெட் கொழும்பு பிளைட் விட்டப்போ அதுதான் அந்த எயார்போர்ட்டுக்கே மொத வெளிநாட்டு பிளைட். 2022 அக்டோபர்ல ஃபிட்ஸ்எயார் ஏ320 வச்சிக்கிட்டு துபாய், மாலே, திருச்சின்னு எறங்குச்சு, நாடு பெட்ரோலுக்கு வரிசையில நின்னு ஓஞ்ச அந்த வருஷத்துல ஒரு தனியார் கம்பெனி இப்படி எறங்குனது துணிச்சல்தான். ஸ்ரீலங்கன் மட்டுமே இருக்கிற நாள் ஒரு விலை, பக்கத்துல இன்னொருத்தர் இருக்கிற நாள் வேற விலை, டிக்கட் தேடுறப்போ ரெண்டு மூணு தேதி மாத்தி போட்டு பார்த்தா நீங்களே கண்டுபிடிச்சிருவீங்க. ஆனா சின்ன கம்பெனிங்க ரூட்ட மாத்துறதும் நிப்பாட்டுறதும் வழக்கம், போன வருஷம் போனோமே இந்த வருஷமும் இருக்கும்னு நெனைக்காம, வேன் பேசுறதுக்கு முன்னாடி டிக்கட்ட போடுங்க.

பெட்டி விஷயத்த கொஞ்சம் வெவரமா சொல்லணும், ஏன்னா நம்ம சனம் மாட்டுறது இங்கதான். போகும்போது பையில என்ன இருக்கும், நாலு கிலோ தேயிலைத்தூள், கொஞ்சம் தேங்காப்பூ சவுக்காரம், பிஸ்கட். வரும்போதுதான் கூத்து. கல்யாணத்துக்கு உடுப்பெடுக்கத்தான் பாதிப்பேர் திருச்சிக்கு போறதே, என்.எஸ்.பி. ரோட்டுல ஒரு நாள் பூரா நடந்து சேலை, வேட்டி, பொண்ணுக்கு ஒரு கூறை, மாமியாருக்கு ஒன்னு, லயத்துல எல்லாருக்கும் ஆளுக்கொன்னு, அதுக்கு மேல ரெண்டு பித்தளை குத்துவிளக்கு. மலிவு டிக்கட்ல செக்-இன் பெட்டி அளவு கொறவா இருக்கும், கைப்பை பொதுவா 7 கிலோ. கூடுதல் கிலோவ டிக்கட் போடும்போதே ஒன்லைன்ல வாங்குனா ஒரு விலை, கவுன்டர்ல போய் வாங்குனா அது பல மடங்கு. கவுன்டர் முன்னாடி தரையில பெட்டிய பிரிச்சி வச்சி சேலைய எல்லாம் ஒன்னுக்கு மேல ஒன்னு போட்டு கட்டிக்கிட்டு நிக்கிற பொம்பளைங்கள திருச்சி எயார்போர்ட்ல எந்த சீசன்லயும் பார்க்கலாம், சிரிக்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கும், நம்ம வீட்டு ஆளா இல்லாத வரைக்கும். அதனால துணி எடுக்க போறவங்க மலிவு டிக்கட் விலையோட பெட்டி விலைய கூட்டிப்பார்த்துட்டு, பெட்டியோட சேர்த்து விலை போட்டிருக்கிற ஸ்ரீலங்கன் டிக்கட் பக்கத்துல வச்சி பாருங்க, பல நேரம் ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் இருக்காது. குத்துவிளக்க பெரிய பெட்டிக்குள்ள வைங்க, கைப்பையில வச்சா ஸ்கேனர்ல நிப்பாட்டி கெளறுவாங்க.

சென்னை ரூட்ல கம்பெனி அதிகம், ஸ்ரீலங்கன், இண்டிகோ, எயார் இந்தியான்னு போட்டி போடுறதால சில தேதிகள்ல திருச்சிய விட நல்லா கொறஞ்ச விலைக்கு கெடைக்கும். ஆனா எறங்கி திருச்சிக்கு 330 கிலோமீற்றர் இருக்கு, ரயில்ல அஞ்சாறு மணித்தியாலம், பண்டிகை நேரம் ரயில் டிக்கட்டும் கெடைக்காது. வேலூருக்கு வைத்தியத்துக்கு போறவங்க, சென்னையில ஆஸ்பத்திரி காட்டப் போறவங்க, திருப்பதி போறவங்க, இவங்களுக்கு சென்னைதான். தனியா போற வாலிப பசங்க ஆளுக்கு பதினஞ்சாயிரம் மிச்சம் வருதுன்னா ரயில்ல போகட்டும். பாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கிட்டு போறவங்க அந்த மிச்சத்த கணக்கு பாக்காம திருச்சியிலயே எறங்குங்க, 2024லருந்து அங்க புது டெர்மினல், முன்ன மாதிரி நெருக்கியடிக்க தேவையில்ல. விசா விஷயத்துல ரெண்டுக்கும் வித்தியாசம் இல்ல, ஈ-விசாவ ரெண்டு எடத்துலயும் ஏத்துக்கிறாங்க, ஒன்லைன் சரிப்படாதவங்களுக்கு கண்டியில இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் இருக்கு.

இப்ப பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை சனத்துக்கு வர்ற ஆசை. எல்லயிலருந்து வெல்லவாய எறங்கி தனமல்வில வழியா போனா மத்தள எயார்போர்ட், அதுவும் மலையில இருந்து இவ்வளவு லேசா எறங்கிப்போற சர்வதேச எயார்போர்ட் வேற இல்ல. 2013 மார்ச்ல திறந்தது, 3,500 மீற்றர் ஓடுபாதை, 200 மில்லியன் டொலருக்கு மேல செலவு, அதுல பெரும்பங்கு சீனாவோட எக்சிம் வங்கிக் கடன், வருஷத்துக்கு 10 லட்சம் பயணிகள் வருவாங்கன்னு கட்டுனது. எல்லாம் இருக்கு, ஏற பிளேன்தான் இல்ல. ஸ்ரீலங்கன் 2015 ஜனவரியில ஆட்சி மாறுனதும் நிப்பாட்டிட்டாங்க, ஃப்ளைதுபாய் மட்டும் கொஞ்ச காலம் வந்து 2018ல அதுவும் போயிருச்சு. நடுவுல சாமான் கிடங்குல நெல்லு மூட்டைய அடுக்கி வச்சாங்க, 2016ல ஓடுபாதை பக்கம் வர்ற யானையையும் மானையும் வெரட்ட ஆமியையும் பொலிசையும் எறக்குனாங்க. எறங்கு கட்டணத்துல சலுகை, அது இதுன்னு எவ்வளவோ குடுத்து பார்த்தாங்க, ஆனா எயார்லைன் பார்க்கிறது சலுகைய இல்ல, வருஷம் பூரா சீட் நெறையுமாங்கிறதத்தான். ஊவா சனத்தொகையையும் அம்பாந்தோட்டையையும் சேர்த்தாலும் தினம் ஒரு பிளேனுக்கு ஆள் வராது, குளிர் காலத்துல ரஷ்யாவுலருந்து சுற்றுலாக்காரங்க சார்ட்டர்ல வந்து எறங்குவாங்க, அது நமக்கு பிரயோசனம் இல்ல. பலாலியில ஓடுபாதை கட்டை, ஆனா ஆள் இருக்கு, இங்க ஓடுபாதை நெட்டை, ஆள் இல்ல. பதுளைக்காரங்களும் கட்டுநாயக்காதான், வேற வழி இல்ல, முடிஞ்சா மொத நாளே கொழும்புல வந்து தங்கிருங்க.

கப்பல பத்தியும் ஒருத்தர் கேட்டாரு. நாகப்பட்டினம் காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபர் 14 ஆரம்பிச்சு சில நாள்லயே மழை காலம்னு நிப்பாட்டி, 2024 ஆகஸ்ட்ல சிவகங்கைங்கிற கப்பலோட திரும்ப வந்துச்சு. கடல்ல நாலு மணித்தியாலம் கிட்ட ஆகும். பலாலிக்கு சொன்ன ரோட்டுக் கதை அப்படியே இதுக்கும், கூடவே கடல் பொங்குற மாசத்துல ஓடாது. வேளாங்கண்ணிக்கு நேத்தி வச்சிருக்கிறவங்களுக்கு நாகப்பட்டினத்துல எறங்குனா பக்கம்தான், ஆகஸ்ட் கடைசியில கொடியேத்தத்துக்கு போறதுன்னா யோசிக்கலாம்.

ரோட்ட பத்தி இன்னொன்னு. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் அடிச்சப்போ நம்ம பக்கம் ரோடும் மலைநாட்டு ரயில் பாதையும் எப்படி பெயர்ந்துச்சுன்னு உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. ரயில்ல எறங்கி போற பிளான் இருந்தா எது வரைக்கும் ஓடுதுன்னு ஸ்டேஷன்ல கேட்டுக்கிட்டு பெறகு முடிவு பண்ணுங்க. மழை காலத்துல அதிகாலை பிளைட்டுக்கு டிக்கட் போடாதீங்க, அது எவ்வளவு மலிவா இருந்தாலும் சரி, பகல் பிளைட்டா இருந்தா கினிகத்தேனையில மண் சரிஞ்சிருந்தாலும் கண்டி பக்கம் சுத்தி போக நேரம் கெடைக்கும். கல்ஃப் போற பொம்பளைங்களுக்கு ஏஜென்சிதான் டிக்கட் போடும், எயார் அரேபியா, ஜசீரா, ஃப்ளைதுபாய்னு எதுல போட்டாலும் பெட்டி எத்தன கிலோன்னு மட்டும் கேட்டு டிக்கட்ட வாட்ஸ்அப்ல அனுப்ப சொல்லுங்க, எயார்போர்ட்ல கையில குடுக்கிறோம்னா ஒத்துக்காதீங்க.

கடைசியா நீலகிரிக்காரங்களுக்கு. 2017ல ஸ்ரீலங்கன் கோயம்புத்தூருக்கு நேரா விட்டப்போ கோத்தகிரி போறது எவ்வளவு லேசா இருந்துச்சு, அந்த ரூட் பெறகு நின்னுபோச்சு. இப்ப கோத்தகிரி, குன்னூர் போறவங்க திருச்சியில எறங்கி பஸ்ஸோ ரயிலோ கோயம்புத்தூர், அங்கருந்து மேட்டுப்பாளையம்னு போறதுதான் சுகம், கொச்சிக்கு டிக்கட் கொறவா கெடைச்சா அங்க எறங்கி பாலக்காடு வழியாவும் வரலாம். கூடலூர், பந்தலூர் பக்கம் போறவங்க பெங்களூர் டிக்கட்டையும் பாருங்க, ஸ்ரீலங்கனும் இண்டிகோவும் போட்டி போடுற ரூட் அது, மைசூர் வழியா நேரா கூடலூர்ல எறங்கிரலாம். ஆனா பந்திப்பூர் காட்டு ரோட்ட ராத்திரி 9 மணிலருந்து காலைல 6 மணி வரைக்கும் மூடிருவாங்க, அதனால பெங்களூர்ல காலைலயே எறங்குற பிளைட்டா பார்த்து போடுங்க, மத்தியானத்துக்கு மேல எறங்குறதா இருந்தா மைசூர்ல ஒரு ராத்திரி தங்குற காசையும் கணக்குல சேர்த்துக்குங்க.